என் பெயரில் பேசியவள்

அன்புள்ள எஸ்தர்,

போன ஞாயிற்றுக்கிழமை, வேலைக்குக் கிளம்பிய உன்னைக் கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட வந்த இடத்தில் நான் உன்னிடம் கோபப்பட்டேன். பெருமாள்மலை ஸ்டாப்பில் நின்றிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி கோபப்பட்டேன். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏறினாய். ஜன்னலோரம் இடம் கிடைத்தும் கையசைக்கவில்லை. ஒன்றுமில்லாததற்கு அம்மா ஏன் இப்படிக் கத்துகிறாள் என்று உனக்குத் தோன்றியிருக்கும். நீ செய்தது இவ்வளவுதான். சேரப்போகும் லேடீஸ் ஹாஸ்டலின் மேனேஜர் கேட்டாள் என்று ஆதார் அட்டையின் இரண்டு பக்கத்தையும், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டையும், பாங்க் பாஸ்புக்கின் முதல் பக்கத்தையும், வெள்ளைத் தாளில் போட்ட உன் கையெழுத்தையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாய். அந்தப் பெண்ணை நீ பார்த்ததுகூட இல்லை. ஏன் அனுப்பினாய் என்று கேட்டதற்கு, "எல்லாருந்தான் குடுக்குறாங்கம்மா, எனக்கு ரூம் வேணுமா வேணாமா" என்றாய்.

அதற்குப் பஸ் நிற்கும் நேரத்தில் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஹாஸ்டல் ஆபீஸுக்கு நேரில் போ. அனுப்பிய படங்களை உன் கண் முன்னாலேயே அழிக்கச் சொல். தங்க வருபவர் யார் என்று அவர்கள் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். அதற்கு ஆதாரில் கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மாதிரி அரசாங்கத்தின் தளத்திலேயே ஒரு பிரதி எடுக்கலாம். அதை எடுத்துக் கொடு. அதன் மேல் குறுக்கே "இந்த ஹாஸ்டலில் தங்குவதற்கு மட்டும்" என்று பேனாவால் எழுதித் தேதி போடு. கையெழுத்தைத் தனியாக வெள்ளைத் தாளில் கேட்பவர்களுக்குக் கொடுக்க மாட்டேன் என்று சொல். அவர்கள் முகம் சுளிக்கட்டும். சுளித்த முகத்தைப் பார்த்து நீ ஏன் கூச வேண்டும்?

இனி, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நீ கல்லூரியில் கடைசிப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த சமயம் அது. மூட்டு வலி, லீவு போட்டிருக்கிறேன் என்று உன்னிடம் போனில் சொன்னேன். என் மூட்டு நன்றாகத்தான் இருந்தது. பள்ளியில் என்னை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். உனக்குத் தெரிந்தால் பரீட்சையை விட்டுவிட்டு மலையேறி வந்துவிடுவாய் என்று அப்பாவும் நானும் பேசி மறைத்தோம். பிறகு சொல்லவும் மனம் வரவில்லை. அதைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு இன்றைக்கும் குரல் உயர்கிறது.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று உனக்குத் தெரியும். ஆனால் நீ அதை வெளியிலிருந்து பார்த்தவள். சின்னப் பெண்கள் ஹாஸ்டலில் மேட்ரன் என்றால் தலை பின்னிவிடுபவள், காய்ச்சல் பார்ப்பவள், படுக்கையை நனைத்த பிள்ளை வெட்கப்படாதபடி விடியும் முன்பே விரிப்பை மாற்றுபவள். கீழே சமவெளியிலிருந்து அப்பா அம்மாக்கள் பிள்ளைகளைக் கொண்டு வந்து விட்டுவிட்டுப் போகும்போது பிரின்சிபாலிடம் பேசுவார்கள், டீச்சரிடம் பேசுவார்கள், கடைசியில் காரில் ஏறும் முன் என்னைத் தேடி வந்து என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். "அக்கா, பாத்துக்கங்க" என்பார்கள். வேறு ஒன்றும் சொல்ல மாட்டார்கள். என் பெயருக்கு உலகத்தில் ஏதாவது மதிப்பு உண்டு என்றால் அந்தத் தாய்மார்களின் போனில்தான் உண்டு. என்னிடமிருந்து திருடப்பட்டது அதுதான்.

அன்றைக்கு மத்தியானத்துக்கு மேல் மூட்டம் இறங்கி, மைதானத்தின் அந்தப் பக்கம் தெரியவில்லை. பிள்ளைகள் டைனிங் ஹாலில் டீயும் பன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்டுக்குள் ஒரு கார் வேகமாக வந்து நின்றது. நாலாம் வகுப்பு யாழினியின் அப்பாவும் அம்மாவும் இறங்கி ஓடி வந்தார்கள். கரூரில் இருப்பவர்கள். அந்த அம்மாவின் காலில் செருப்பு இல்லை. வீட்டிலிருந்து அப்படியே கிளம்பியிருக்கிறார். எங்கே எங்கே என்று கேட்டுக்கொண்டே வந்தவர், பன்னைக் கடித்துக்கொண்டிருந்த யாழினியைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்து பிள்ளையின் தலையைப் பிடித்து மயிரை விலக்கி விலக்கிப் பார்த்தார். காயத்தைத் தேடினார். யாழினிக்கு ஒன்றும் புரியவில்லை. வாயில் இருந்ததை விழுங்காமல் அழ ஆரம்பித்தாள்.

அவளுடைய அப்பா என் பக்கம் திரும்பினார். "நீங்கதான போன் பண்ணுனீங்க? பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா, பேச்சு மூச்சு இல்ல, மதுரைக்குக் கொண்டு போகணும்னு அழுதீங்கல்ல?"

நான் பண்ணவில்லை என்றேன். அவர் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அதில் என் போட்டோ இருந்தது. ஸ்போர்ட்ஸ் டே அன்றைக்கு நீல சேலையில், கழுத்தில் பள்ளியின் அடையாள அட்டையோடு நான் நின்ற போட்டோ. கீழே என் பெயர். ஆம்புலன்ஸுக்கும் ஆஸ்பத்திரிக்கும் உடனே பணம் அனுப்புங்கள், டாக்டர் பக்கத்தில் நிற்கிறேன், திருப்பிக் கூப்பிடாதீர்கள் என்று என் பெயரில் எழுதியிருந்தது. அவர் அனுப்பிவிட்டுத்தான் காரை எடுத்திருக்கிறார். மலைப்பாதை முழுக்க, பிள்ளை உயிரோடு இருக்கிறாளா என்ற நினைப்போடு வளைவு வளைவாக ஏறி வந்திருக்கிறார்கள். யோசித்துப் பார், எஸ்தர். பணத்தைத் திருடுகிறவனை எனக்குப் புரியும். ஒரு தாயை அந்த மலைப்பாதையில் அப்படி ஏற்றிவிட என் முகத்தை எடுத்துக்கொண்டவளை எனக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ளவும் விரும்பவில்லை.

அதற்குள் ஆபீஸ் போன் விடாமல் அடிக்க ஆரம்பித்தது. அந்த அழைப்பு இன்னும் பல வீடுகளுக்குப் போயிருந்தது. சிலர் பணம் அனுப்பியிருந்தார்கள். சிலர் பாதி வழியில் வத்தலக்குண்டில் நின்று போன் செய்தார்கள். ஒரு அம்மா மயங்கி விழுந்துவிட்டதாக அவருடைய தம்பி பேசினார். நான் ஒவ்வொரு பிள்ளையாகக் கூட்டி வந்து போனில் பேசவைத்தேன். எல்லோரும் பிள்ளையின் குரலைக் கேட்டு அழுதார்கள். அழுது முடித்துவிட்டு, அந்த மேட்ரனிடம் போனைக் கொடு என்றார்கள். அவர்கள் என்னைக் கேட்ட வார்த்தைகளை நான் எழுதப்போவதில்லை.

மறுநாள் பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டார். அதுவரை நான் போனால் உட்காரச் சொல்பவர், அன்றைக்குச் சொல்லவில்லை. போலீஸில் புகார் கொடுத்த ஒருவர் அங்கே விசாரித்திருக்கிறார், அழைப்பு வந்த நம்பர் என் பெயரில், என் விலாசத்தில், என் ஆதாரில் வாங்கிய நம்பர். விசாரணை முடியும்வரை சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கச் சொன்னார். அதோடு, என்னுடைய கவனக்குறைவால் இது நடந்தது என்று எழுதிக் கொடுத்தால் நிர்வாகத்திடம் பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். சாவியைக் கொடுத்தேன். எழுதிக் கொடுக்கவில்லை.

நான் ஏன் எழுத வேண்டும்? அந்தத் தாய்மார்களின் நம்பர்கள் எப்படி வெளியே போயின என்று பிறகு தெரிந்தது. பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் சேரும் லிங்க்கைப் பள்ளியின் இணையப் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி போட்டு வைத்திருந்தார்கள். அதைத் தொட்டு யாரோ ஒருவன் பெற்றோர் என்று உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறான். இது யார், எந்தப் பிள்ளையின் அப்பா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எந்தப் பிள்ளை எந்த வகுப்பு என்பதெல்லாம் அந்தக் குரூப்பிலேயே இருந்தது. என் போட்டோவும் அதே இணையப் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் கவனக்குறைவு என்று கையெழுத்துப் போட வேண்டியவள் நான்.

ஊர் பேசியதும் அப்படித்தான். அப்பாவின் பஞ்சர் கடைக்கு டயரோடு வந்த டிரைவர்கள் எல்லாம், ஆதாரைக் கண்டவனிடம் எதற்கு அண்ணே கொடுத்தார்கள் என்று விசாரித்தார்கள். அப்பா பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் ஒருவன் திரும்பத் திரும்பக் கேட்டதும், "ஏலே, டயரக் காட்ட வந்தியா, எங்க வீட்ட விசாரிக்க வந்தியா?" என்று கேட்டு, பாதி கழற்றிய டயரை அவன் முன்னால் உருட்டிவிட்டுவிட்டார். உன் அப்பா கோபப்பட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கண்டவனிடம் எதற்குக் கொடுத்தீர்கள் என்கிறார்களே, கொடுக்காமல் யார் விட்டார்கள்? காஸ் அடுப்புக்குக் கேட்டார்கள். ரேஷனுக்குக் கேட்டார்கள். ஆஸ்பத்திரியில் படுக்கைக்குக் கேட்டார்கள். பாட்டியின் பென்ஷனுக்குக் கேட்டார்கள். உன் சித்தப்பா கல்யாணத்துக்கு மண்டபம் பிடித்தபோது கேட்டார்கள். தீபாவளிக்குத் துணி எடுத்த கடையில், பரிசுக் கூப்பனுக்கு ஒரு பிரதி வேண்டும் என்றார்கள். கேட்கிற ஒவ்வொருவரும் அதை எங்கே வைக்கிறார்கள், எப்போது கிழிக்கிறார்கள் என்று சொன்னதுண்டா? பஜ்ஜி மடித்துக் கொடுத்த தாளில் யாரோ ஒருவருடைய ஆதார் பிரதியை நான் பார்த்திருக்கிறேன். எண்ணெய் படிந்து, முகம் மட்டும் தெளிவாக இருந்தது. கொடுக்காவிட்டால் வேலை நடக்காது, கொடுத்துவிட்டால் நம் தப்பு. இந்த நியாயத்தை யார் எழுதினார்கள்?

ஸ்டேஷனுக்கு நானும் அப்பாவும் போனோம். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அவர் கேட்ட கேள்வி இதுதான். "சிம் உங்க பேர்ல இருக்கு. அதுல இருக்குற போட்டோவும் உங்களுதுதான். நீங்க வாங்கலைன்னா வேற யாரும்மா வாங்குனா?"

"அதக் கேக்கத்தாங்க சார் நான் வந்துருக்கேன்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. மாவட்டத் தலைநகரில் சைபர் பிரிவு இருக்கிறது, அங்கே போங்கள் என்று எழுதிக் கொடுத்தார். வெளியே வந்து ஜீப்களுக்கு நடுவில் நின்றபோது எனக்கு ஒன்று தோன்றியது. நான் ஒரு காரியத்தைச் செய்தேன் என்றால் அதற்குச் சாட்சி கொண்டு வரலாம். நான் செய்யாததற்கு எங்கே போய்ச் சாட்சி தேடுவது? நான் எப்போதும்போல் ஹாஸ்டலில் பிள்ளைகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த நேரத்தில் இன்னொரு நான் எங்கேயோ உட்கார்ந்து அழுதிருக்கிறாள். அவளும் நான்தான் என்று காகிதம் சொல்கிறது.

கீழே போவதற்கு முன்னால் பஜாரில் செல்வி அக்காவின் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். நம் பெயரில் எத்தனை நம்பர் ஓடுகிறது என்று பார்க்க அரசாங்கத்தின் தளம் ஒன்று இருப்பதாக அக்காதான் சொன்னார். என் நம்பரைப் போட்டு, போனுக்கு வந்த ரகசிய எண்ணைக் கொடுத்ததும் திறந்தது. நான் பேசுகிற நம்பர் இருந்தது. ஹாஸ்டலில் சிக்னல் கிடைக்கவில்லை என்று புதிதாக வாங்கிய நம்பர் இருந்தது. அதற்குக் கீழே எனக்குத் தெரியாத ஒரு நம்பர் என் பெயரில் உட்கார்ந்திருந்தது. இது என்னுடையது அல்ல என்று சொல்ல அங்கேயே ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன். இதை நீ மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும், எஸ்தர். எனக்காகச் செய். அதே சமயம் செல்வி அக்காவின் கம்ப்யூட்டர் திரையையும் நான் பார்த்தேன். அதில் முழுக்க ஊர்க்காரர்களின் ஆதாரும் பான் கார்டும் பெயர் போட்டு வரிசையாகக் கிடந்தன. என்னுடையதும் ரேஷன் கார்டு எடுத்த காலத்திலிருந்து அங்கேயே கிடந்தது. நல்ல மனுஷி. திரும்ப வந்தால் உதவும் என்று வைத்திருக்கிறார். அழிக்கச் சொன்னேன். குப்பைக் கூடையிலிருந்தும் அழிக்கச் சொன்னேன். அக்காவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அது அழியும்வரை நான் நகரவில்லை.

சைபர் பிரிவில் ஒரு பெண் இன்ஸ்பெக்டர் இருந்தார். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார், குறுக்கே பேசவில்லை. சிம் கம்பெனியிலிருந்து விவரம் வந்ததும் மறுபடி கூப்பிட்டார். நான் ஹாஸ்டலுக்கு வாங்கிய சிம்மும், என் பெயரில் அழுதவளின் சிம்மும் ஒரே நாளில், ஒரே ஆளின் கருவியில், ஒன்றன்பின் ஒன்றாக உயிர் பெற்றவை.

"பஸ் ஸ்டாண்ட் பக்கம் குடைக்குக் கீழ வாங்குனீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "ரெண்டு தடவ வெரல் வைக்கச் சொன்னானா?"

அப்போதுதான் எனக்கு அந்த நாள் முழுதாகக் கண் முன்னால் வந்தது. சீசன் நேரம். பெரிய கலர் குடை, ஒரு மடக்கு மேஜை, ஸ்வெட்டர் போட்ட ஒரு ஆள். அக்கா அக்கா என்று வாய் நிறையப் பேசினான். என் கழுத்தில் இருந்த அட்டையைப் பார்த்துவிட்டு, அந்த ஸ்கூலிலா வேலை என்று கேட்டான். நானும் பெருமையாகச் சொன்னேன். போட்டோ எடுத்தவன், "கண்ண மூடிட்டீங்கக்கா, இன்னொண்ணு எடுத்துக்கிறேன்" என்றான். விரல் வைத்ததும், "குளிருல ரேகை விழலக்கா, தொடச்சிட்டு இன்னொருக்க வைங்க" என்றான். நான் சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்து, ஊதிச் சூடாக்கி, மறுபடியும் வைத்தேன். முதல் விரல் எனக்கு. இரண்டாவது விரல் அவர்களுக்கு. மலைக்குளிரைக்கூட விட்டுவைக்காமல் பொய்க்குப் பயன்படுத்திக்கொண்டான்.

அதனால் சொல்கிறேன். சிம் வேண்டுமென்றால் கம்பெனியின் சொந்தக் கடைக்குப் போ. விரல் விழவில்லை, படம் சரியில்லை என்று யாராவது சொன்னால், அந்தத் திரையை என் பக்கம் திருப்புங்கள் என்று கேள். திருப்பாவிட்டால் எழுந்து வந்துவிடு. உன் ஆதாரின் கைரேகையை அரசாங்கத்தின் தளத்திலேயே பூட்டி வைக்கலாம், தேவைப்படும்போது நீயே திறக்கலாம். அதை இன்றைக்கே செய். போனுக்கு வரும் ரகசிய எண்ணை யாருக்கும் சொல்லாதே, பாங்கிலிருந்து பேசுகிறேன் என்றாலும், போலீஸ் என்றாலும், நானே பேசுவதுபோல் கேட்டாலும்.

இன்ஸ்பெக்டர் இன்னொன்றும் சொன்னார். நான் ஒருத்தி மட்டும் சொன்னால் அது ஒரு புகார், அந்தக் குடைக்குக் கீழே வாங்கிய மற்றவர்களும் வந்தால் வழக்கு உறுதியாக நிற்கும் என்றார். வீட்டில் சும்மா உட்காரவைக்கப்பட்டவளுக்கு அது போதுமான சோலி. ஏரிக்கரையில் குதிரை ஓட்டுபவரிடம் கேட்டேன். ஓட்டல் சமையல்காரரிடம் கேட்டேன். வில்பட்டியில் கேரட் கழுவும் இடத்துக்குப் போனேன். போலீஸ் என்றதும் பாதிப் பேர் நான் வாங்கவே இல்லை என்றார்கள். பாண்டியம்மாள் என்று ஒருத்தி, எனக்கு எதற்கு வம்பு என்று தண்ணீருக்குள்ளிருந்து கையை எடுக்காமலே சொன்னாள். அவளுடைய மருமகளிடம் அந்தத் தளத்தைத் திறந்து காட்டினேன். பாண்டியம்மாள் பெயரில் வரிசையாக நம்பர்கள் வந்தன. அவள் ஈரக்கையோடு அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "எனக்கு இருக்குறது ஒரு போனு. அதுலயும் இவதான் பேசுறா" என்றாள். பிறகு தலைத்துண்டை அவிழ்த்து உதறிவிட்டு, "எப்பப் போகணும்? வெரசா சொல்லு" என்றாள். அப்பா தெரிந்தவரிடம் வேன் கேட்டு வாங்கினார். வெள்ளனே கிளம்பி எல்லோரும் கீழே போனோம். அந்தச் சைபர் பிரிவின் பெஞ்சுகளில் இடம் போதவில்லை.

குடைக்காரன் பிடிபட்டான். வேறொரு ஊரில் திருவிழாக் கூட்டத்தில் அதே குடையை விரித்து உட்கார்ந்திருந்தான். டார்கெட் கொடுத்தார்கள், செய்தேன், யாரிடம் விற்றேன் என்று தெரியாது என்றானாம். அவனுக்கு மேலே இருந்தவர்கள் இன்னும் கிடைக்கவில்லை. என் பெயரில் அழுதவளும் கிடைக்கவில்லை. யாரோ ஒரு அப்பாவின் போனில் அந்த அழைப்பு பதிவாகியிருந்தது, இன்ஸ்பெக்டர் எனக்குப் போட்டுக் காட்டினார். அவள் பேச்சு என் பேச்சுப்போல் இல்லவே இல்லை. நம் பக்கத்துச் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் நன்றாக அழுதாள். பிள்ளையைப் பெற்றவள் அந்த அழுகையைக் கேட்டால் குரலைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள். அது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

எனக்கும் அந்த நம்பருக்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்தபின் பிரின்சிபால் கூப்பிட்டு அனுப்பினார். இந்தத் தடவை உட்காரச் சொன்னார். நல்லபடியாக முடிந்தது, நாளையிலிருந்து வந்துவிடுங்கள், பழசை மறந்துவிடுவோம் என்றார். மேஜை மேல் ஹாஸ்டல் சாவி இருந்தது.

"மறக்குறது இருக்கட்டும் சார். இது நான் பண்ணலைன்னு அதே குரூப்ல போடுங்க" என்றேன்.

"எதுக்கு மேடம் திரும்பக் கிளறிக்கிட்டு? பேரண்ட்ஸ் எல்லாம் மறந்துட்டாங்க."

"எம் பேரு கெட்டது அங்கதானங்க சார். அங்கயே சரியாகட்டும்."

நிர்வாகத்தைக் கேட்க வேண்டும் என்றார். கேளுங்கள், அதுவரை சாவி இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். வேலை போனால் உன் படிப்புக் கடன் எப்படி என்றெல்லாம் அப்பா கேட்கவில்லை. சோறு போட்டுக் கொண்டு வந்து கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து அந்தச் செய்தி குரூப்பில் வந்தது. இங்கிலீஷில், உப்புச் சப்பில்லாமல், வருத்தம் என்ற சொல்லே இல்லாமல் வந்தது. ஆனால் என் பெயர் அதில் இருந்தது, நான் குற்றமற்றவள் என்று இருந்தது. இணையப் பக்கத்திலிருந்த அந்த லிங்க்கையும் எடுத்துவிட்டார்கள். மறுநாள் போய்ச் சாவியை வாங்கிக்கொண்டேன்.

இதெல்லாம் நடந்தபோது எனக்கு வந்த பெரிய ஆத்திரம் எதனால் தெரியுமா? குடைக்காரனாலோ அந்தக் குரலாலோ அல்ல. என்னைப் பார்த்த எல்லோரும் நான் வெட்கப்பட வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். அதனால்தான் பாதிப் பேர் புகாரே கொடுப்பதில்லை. வீட்டுக்காரருக்குத் தெரியக்கூடாது, பிள்ளைகள் திட்டுவார்கள் என்று மூடி வைக்கிறார்கள். திருடனுக்கு அந்த வெட்கம்தான் சோறு போடுகிறது. உனக்கு ஏதாவது நடந்தால், நடக்க வேண்டாம், நடந்தால், உடனே புகார் கொடு, உடனே பாங்குக்குச் சொல், உடனே எனக்குச் சொல். நீ ஏமாந்தாய் என்று நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

பேரண்ட்ஸ் டே அன்றைக்கு யாழினியின் அம்மா வந்தார். கணவர் கார் பக்கமே நின்றுவிட்டார். அந்த அம்மா மட்டும் டார்மிட்டரிக்கு என்னைத் தேடி வந்து, கட்டிலில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் பிள்ளையின் கம்பளியை மடித்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

"உங்க மேல தப்பு இல்லன்னு எனக்குத் தெரியும்க்கா. மெசேஜும் படிச்சேன். ஆனா உங்க பேரு போன்ல வந்தா இன்னும் எனக்குக் கை நடுங்குது. என்ன பண்றதுன்னு தெரியல."

போலீஸும் பள்ளியும் என் பெயரைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த அம்மாவிடம் அது இன்னும் திரும்பவில்லை. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இனிமேல் நான் போன் செய்தால் என் பெயரையும் படத்தையும் நம்ப வேண்டாம் என்றேன். நீங்களும் யாழினியும் நானும் மட்டும் தெரிந்துவைத்திருக்கிற ஒரு சொல்லைச் சொல்லுங்கள், போனை எடுத்ததும் முதலில் அதைக் கேளுங்கள், நான் சொல்லாவிட்டால் வைத்துவிடுங்கள் என்றேன். அவர் யோசித்தார். யாழினியைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டு, என் காதுக்கு அருகில் வந்து ஒரு சொல் சொன்னார். சின்னச் சொல்தான். யாழினி கைக்குழந்தையாக இருந்தபோது அவள் வீட்டில் மட்டும் வழங்கிய சொல். அதைச் சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வருடம் ஒவ்வொரு தாயிடமும் போய் இப்படி ஒரு சொல் வாங்கினேன். எதையும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எல்லாம் மனதில் இருக்கிறது. இப்போது நான் போன் செய்தால் அவர்கள் முதலில் என்னைக் கேட்கிறார்கள். நான் சொல்கிறேன். அதற்குப் பிறகுதான் பேச ஆரம்பிக்கிறோம்.

உன்னிடம் மட்டும் அப்படி ஒன்றை நான் இன்னும் வாங்கவில்லை. வீட்டுப் பிள்ளைதானே என்று இருந்துவிட்டேன். இந்தக் கடிதத்தை நீ உன் அறைத் தோழிகளுக்குக் காட்டு, ஆபீஸில் யாருக்கு வேண்டுமானாலும் படிக்கக் கொடு, அவர்களும் அவரவர் அம்மாவிடம் பேசட்டும். அதனால்தான் அந்தச் சொல்லை இதில் நான் எழுதவில்லை. போனிலும் சொல்ல மாட்டேன். கிறிஸ்துமஸுக்கு வருவாய் அல்லவா, அப்போது அடுப்படியில் நாம் மட்டும் இருக்கும்போது உன் காதில் சொல்கிறேன். அதுவரை நான் போன் செய்து ஏதாவது அவசரம் என்று சொன்னால், நானாகவே இருந்தாலும், வைத்துவிட்டு அப்பாவைக் கூப்பிடு.

அன்புடன்,
அம்மா